தேய்ந்த தகட்டில் ஒரு முகம்

1972இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கேதன் பிரவுன் நடத்திவந்த கிரௌன் பாயின்ட் பிரஸ் என்ற அச்சுக்கூடத்துக்கு நியூயார்க்கிலிருந்து ஓர் ஓவியர் வந்துசேர்ந்தார். பெயர் சக் க்ளோஸ். முப்பதைத் தாண்டியவர். ஆளுயரத்தையும் மிஞ்சிய முகங்களைக் கறுப்பு வெள்ளையில் வரைந்து அதற்குள் பெயர் வாங்கியிருந்தார். பாராசோல் பிரஸ் என்ற பதிப்பகத்தை நடத்திய ராபர்ட் ஃபெல்ட்மன்தான் அவரை அச்சோவியத்தின் பக்கம் இழுத்துவந்தவர். எந்த முறையில் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது க்ளோஸ் கேட்டது மெஸ்ஸோடின்ட். அந்த முறை அவருக்குப் பழக்கமில்லை. பிரவுனுக்கும் இல்லை. அன்றைக்கு அதைக் கையாண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாரும் செய்யாததாக இருக்கிறதே என்பதுதான் அவருக்கு அதன் மேல் வந்த ஆசைக்குக் காரணம்.

மெஸ்ஸோடின்ட் இருட்டிலிருந்து தொடங்கும் வேலை. செப்புத் தகடு முழுவதையும் பல்வரிசை கொண்ட வளைந்த உளியால் ஆட்டி ஆட்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். ஒரே திசையில் அல்ல, பல திசைகளில், ஓர் இடம் விடாமல். அந்தச் சொரசொரப்பில் மை தங்கும். அப்படியே அச்செடுத்தால் தாள் முழுக்க வெல்வெட் கருமை. பிறகு சுரண்டியும் மெருகிட்டும் வழவழப்பாக்கிய இடத்தில் மை நிற்காது, அங்கே வெளிச்சம். அரைகுறையாகச் சுரண்டினால் சாம்பல். ஒரு கோடுகூடப் போடாமல், நிழலை மட்டும் கூட்டிக் குறைத்து ஒரு கன்னத்தை உருட்டிக் காட்டிவிடலாம்.

அதனாலோ என்னவோ, இந்த முறை பிறந்ததே ஒரு முகத்தோடுதான். 1642இல் லுட்விக் ஃபொன் சீகன் என்பவர் ஜெர்மனியின் ஹெஸ்ஸெ-காஸெல் சீமையை ஆண்ட அமலி எலிசபெத்தின் உருவப்படத்தை அச்சிட்டார். ஆண்டு குறிக்கப்பட்ட முதல் மெஸ்ஸோடின்ட் அது. அவர் கையாண்டது தொடக்கநிலை வடிவம். தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கும் கருவி சற்றுப் பின்னால் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்கு ராஜமரியாதை. ஜோஷுவா ரெனால்ட்ஸ் போன்றவர்கள் வரைந்த பிரபுக்கள், நடிகைகளின் முகங்களை மெஸ்ஸோடின்ட் கலைஞர்கள் செம்பில் ஏற்றிப் பிரதி எடுத்துப் பரப்பினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஆங்கில முறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புகைப்படம் வந்ததும் கைவேலை படுத்துவிட்டது. க்ளோஸ் கேட்டது புகைப்படம் கொன்ற ஒரு முறையை. அதில் ஏற்றப்போனதோ ஒரு புகைப்படத்தை.

படத்தில் இருப்பவர் நண்பர் கீத். 1970இல் க்ளோஸ் அவரைக் கித்தானில் வரைந்திருக்கிறார்; அது இப்போது செயின்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தகடு ஒரு மீட்டருக்கும் அதிக உயரம். அவ்வளவு பெரிய தகட்டைக் கையால் ஆட்டிச் சொரசொரப்பாக்குவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. அதனால் பத்திரிகைப் படங்களுக்கு பிளாக் செய்யும் நுண்புள்ளித் திரை முறையில் தகட்டை அரித்து அந்தப் பரப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். பிரவுன் இந்தத் தகட்டுக்காகவே பெரிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்க வேண்டியிருந்தது.

க்ளோஸ் எப்போதும்போலப் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகச் சுரண்டிக்கொண்டு போனார். தொடங்கிய இடம் வாய்ப்பகுதி. புது வேலை, எவ்வளவு சுரண்டினால் எவ்வளவு வெளுக்கும் என்ற கணக்கு கைக்கு வரவில்லை. ஆகவே அடிக்கடி சோதனைப் பிரதி எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் தகட்டில் மை பூசி, துடைத்து, உருளைக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் ஓட்ட வேண்டும். செம்பின் நுண்ணிய முட்கள் ஒவ்வோர் ஓட்டத்திலும் கொஞ்சம் நசுங்கும். காதுக்கும் தலைமுடிக்கும் வந்துசேர்வதற்குள் வாய் தேய்ந்துவிட்டது. முடிந்த படத்தில் முகத்தின் நடுப்பகுதி மற்ற இடங்களைவிட வெளிறிக் கிடக்கிறது. கட்டங்கள் அப்பட்டமாகத் தெரிகின்றன. மறைக்க வழியில்லை. பத்துப் பிரதிகள் எடுத்துக் கையெழுத்திட்டார்கள்.

அதுவரை க்ளோஸின் ஓவியங்களில் கட்டம் என்பது வீடு கட்டி முடித்ததும் பிரித்துவிடும் சாரம். கண்ணுக்குத் தெரியக் கூடாது. இந்தத் தகட்டில் சாரம் பிரிக்க முடியாமல் நின்றுபோயிற்று. பார்த்தால், அது முகத்தைக் கெடுக்கவில்லை. ஒரு சதுரம் பக்கத்துச் சதுரத்தோடு உரசிக்கொண்டு நிற்கும்போது உண்டாகும் துடிப்பு, வழவழப்பாக வரைந்த முகத்தில் கிடைக்காத ஒன்று. இதற்குப் பிறகு அவர் செய்த பலவற்றிலும், புள்ளிகள், ரேகைகள், காகிதக்கூழ்த் துண்டுகள், கடைசிக் காலத்தின் வண்ணச் சதுரங்கள் என, அலகு மறையாமல் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் உருவப்படம் எப்படி அரூபத்தின் பக்கம் திரும்பியது என்று எழுதுகிறவர்கள் கோட்பாடுகளைத் தேடிப் போகிறார்கள். இங்கே அது ஒரு செப்புத் தகட்டின் தேய்மானமாக வந்தது. க்ளோஸின் கெட்டிக்காரத்தனம் அதைப் பிழை என்று தள்ளாமல் வைத்துக்கொண்டதில் இருக்கிறது.

அதே 1972 கோடையில் ஜெர்மனியின் காஸெல் நகரில் ஐந்தாவது டாக்குமென்டா நடந்தது. முதல் மெஸ்ஸோடின்டில் இருக்கும் அம்மையார் ஆண்ட அதே காஸெல். சுவிட்சர்லாந்துக்காரரான ஹரால்ட் ஸீமன் பொறுப்பேற்று நடத்திய அந்தக் கண்காட்சியில் புகைப்பட யதார்த்தம் என்று அழைக்கப்பட்ட ஓவியங்களுக்குப் பெரிய இடம் கிடைத்தது. க்ளோஸின் முகங்கள் அங்கே இருந்தன. ஃபிரான்ஸ் கெர்ட்ஷ் என்ற சுவிஸ் ஓவியரின் 'மெடிசி'யும் இருந்தது. அரூபமே ஓவியத்தின் முடிவான நிலை என்று நம்பிய தலைமுறைக்கு இது பின்வாங்கலாகத் தெரிந்தது. கேமரா செய்கிற வேலையை ஓவியன் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டார்கள்.

அவர்கள் கவனிக்காதது ஒன்று உண்டு. க்ளோஸ் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் அரூப ஓவியர் டி கூனிங்கின் மேல் பித்துப் பிடித்துத் தூரிகையை வீசிக்கொண்டிருந்தவர். அந்தப் பழக்கத்திலிருந்து தப்பிக்கத்தான் புகைப்படத்தையும் கட்டத்தையும் பிடித்துக்கொண்டார். 1967-68இல் வரைந்த 'பெரிய சுய உருவப்படம்' இரண்டரை மீட்டருக்கும் அதிக உயரம். காற்றுத் தூரிகையால் மிகக் குறைந்த கறுப்பு வண்ணத்தைத் தூவித் தூவி வரைந்தது. வாயில் சிகரெட், கலைந்த முடி, மழிக்காத தாடை. உருவப்படம் என்ற சொல்லை அவர் விரும்பவில்லை. தலைகள் என்றுதான் சொல்வார். மூக்கையும் அதன் பக்கத்து நிழலையும் ஒரே அக்கறையோடு, ஒரே அக்கறையின்மையோடு என்றும் சொல்லலாம், கட்டம் கட்டமாக நிரப்புகிறவருக்கு அந்த மனிதர் யார் என்பது வேலை நடக்கும்போது பொருட்டே இல்லை. ஒவ்வொரு கட்டமும் தனியே ஓர் அரூப ஓவியம். யதார்த்தம் அவற்றின் கூட்டுத்தொகை.

சென்னையில் சினிமா பேனர்களைக் கையால் வரைந்த கலைஞர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, துணியிலும் அதே கணக்கில் கட்டம் இழுத்து, கதாநாயகியின் ஒரு கண்ணை ஆள் உயரத்துக்கு வரைந்தார்கள். பக்கத்தில் போனால் கன்னத்தில் பச்சையும் நீலமும் ரோஸும் திட்டுத் திட்டாகக் கிடக்கும். மவுன்ட் ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்கு மட்டும் அது முகம். ஆனால் அவர்களுக்கு அந்தத் திட்டுகள் தொழில் ரகசியம், காட்டுகிற பொருள் அல்ல. பேனரின் பக்கத்தில் போய் நின்று பார் என்று யாரையும் அவர்கள் அழைத்ததில்லை. கலைக்கூடத்தில் தொங்கும் அச்சோவியம் பக்கத்தில் வரச் சொல்கிறது, பின்வாங்கச் சொல்கிறது, மறுபடி பக்கத்தில் வரச் சொல்கிறது. பார்வையாளர் நடக்கிற இந்தச் சில அடிகளுக்குள் யதார்த்தமும் அரூபமும் இடம் மாறிக்கொள்கின்றன.

கீத்துக்குப் பிறகு க்ளோஸ் அலகுகளை மாற்றிக்கொண்டே போனார். 1970களின் பிற்பகுதியில் விரல் ரேகை வந்தது. தன் விரலில் மை தொட்டு, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கருமையும் சாம்பலும் வரவழைத்து, ஒற்றி ஒற்றி ஒரு முகம். தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கிராஃபிக்ஸ்டூடியோவில் இதையே ஒளி ஊடுருவும் தாளில் ஒற்றி, அங்கிருந்து உலோகத் தகட்டுக்கு மாற்றி அச்செடுத்தார்கள். 'லெஸ்லி' என்ற படம் அப்படி வந்தது. இந்தப் படங்களில் ஒரு குறும்பு இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனிலும் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் ஒருவரை அவர்தான் என்று உறுதிசெய்வது ரேகை. புகைப்படமும் அதே வேலைக்குத்தான். க்ளோஸ் செய்ததில் முகம் ஒருவருடையது, ரேகை வேறொருவருடையது. அடையாளத்துக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் இரண்டு சாட்சிகளும் ஒரே தாளில் மாறி மாறிச் சாட்சி சொல்கின்றன. எதிரே நின்று பார்க்கிறவர் வரைந்தவரின் உடம்பைத்தான் முதலில் பார்க்கிறார், வரையப்பட்டவரின் உடம்பை அப்புறம்.

காகிதக்கூழ் படங்களில் ஜோ வில்ஃபர் என்ற அச்சாளரின் பங்கு பெரிது. விருப்பமில்லாமல் இருந்த க்ளோஸை அவர்தான் விடாமல் துரத்திச் சம்மதிக்க வைத்தார். சாம்பல் நிறத்தின் பல படிகளில் கூழைக் கரைத்துவைத்து, கட்டம் கட்டமான சட்டத்துக்குள் ஊற்றிய அந்தப் படங்களில் மை தாளின் மேல் உட்காரவில்லை, தாளே படம்.

2002இல் வந்த 'எம்மா' மரச்செதுக்கை எடுத்துக்கொள்ளலாம். க்ளோஸ் ஏற்கெனவே எண்ணெய் வண்ணத்தில் வரைந்த குழந்தை முகம் அது. சாய்வான கட்டங்களுக்குள் வண்ண வளையங்கள், நீர்த்துளி வடிவங்கள், பாதாம் வடிவங்கள். இதை ஜப்பானிய மரபில் மரத்தில் செதுக்கி அச்சிட்டவர் பேஸ் எடிஷன்ஸ் பதிப்பகத்தில் இருந்த யாசு ஷிபாதா. 27 பலகைகள், 113 வண்ணங்கள், ஒரு பிரதிக்கு 132 முறை அச்சு ஒற்றல். ஒரு தாள் ஈரப்பதம் மாறாமல், ஒரு மயிரிழை நகராமல் 132 தடவை பலகையின் மேல் படிந்து எழ வேண்டும். ஒரு குழந்தையின் சிரிப்புக்கு இவ்வளவா என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் போய் ஒரு கட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு எங்கும் இல்லை. ஆரஞ்சுக்குள் நீலம், நீலத்துக்குள் வெளிர் ரோஸ். ஷிபாதா செதுக்கியது முழுக்க இந்த வளையங்களைத்தான்.

இங்கே கேட்காமல் விடக் கூடாத கேள்வி, கை யாருடையது என்பது. ஜப்பானின் உக்கியோ-எ என்ற மர அச்சு மரபில் இந்தக் கேள்விக்கு வெட்கமே கிடையாது. வரைகிறவர் ஒருவர், செதுக்குகிறவர் ஒருவர், அச்சிடுகிறவர் ஒருவர், பணம் போடுகிற பதிப்பாளர் ஒருவர். மேற்கில்தான் கையெழுத்து ஒருவருடையதாக இருக்க வேண்டியிருக்கிறது. அந்த மரபிலேயே முகத்தைப் பற்றிய ஒரு பழைய சங்கதி உண்டு. 1794-95இல் பத்து மாதம்போலப் படம் வரைந்துவிட்டுக் காணாமல் போன ஷராகு, கபுகி நடிகர்களின் முகங்களைச் சில கோடுகளில், கோணல் வாயும் குறுகிய கண்ணுமாக வரைந்தார். இன்றைய கண்ணுக்கு அவை கேலிச்சித்திரத்தின் எல்லையில் நிற்பவை. ஆனால் அவர் நடிகர்களை உள்ளது உள்ளபடி வரையப் போனதால்தான் நிலைக்கவில்லை என்று பழைய ஜப்பானியக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஒரு காலத்தின் அளவுமீறிய யதார்த்தம் இன்னொரு காலத்துக்கு அரூபமாகப் படுகிறது.

க்ளோஸைப் பற்றி எழுதுகிறவர்கள் அனைவரும் இரண்டு மருத்துவச் செய்திகளைத் தவறாமல் சொல்கிறார்கள். 1988இல் முதுகுத்தண்டில் ஏற்பட்ட அடைப்பால் கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி மணிக்கட்டில் தூரிகையைக் கட்டிக்கொண்டு வரைந்தார் என்பது ஒன்று. முகங்களை நினைவில் வைக்க முடியாத குறைபாடு அவருக்கு இருந்தது, தட்டையான படமாகப் பார்த்தால்தான் முகம் மனதில் தங்கும் என்று அவரே சொன்னார் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. இரண்டாவது செய்தி அவருடைய தலைகளை விளக்கிவிடுவதுபோலத் தெரிந்தாலும் அவ்வளவு தூரம் அதை நம்ப வேண்டியதில்லை. குறைபாடு முகத்தை நாடக் காரணமாக இருந்திருக்கலாம். சதுரமா ரேகையா கூழா என்பதை அது முடிவுசெய்யவில்லை. முதல் அலகு தெரியவந்தது 1972இல், நல்ல உடம்போடு, ஒரு தகட்டின் முன்னால். அவருடைய பெயரோடு இன்னொரு செய்தியும் சேர்ந்திருக்கிறது. 2017இல், மாதிரியாக உட்கார வரச்சொல்லித் தகாத முறையில் பேசினார் என்று பெண்கள் சிலர் குற்றம்சாட்டினார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம் அவருடைய கண்காட்சியைத் தள்ளிவைத்தது. 2021இல் இறந்தார். முகத்தை வெறும் பரப்பாகப் பார்ப்பதைப் பற்றிப் பேசும்போது, பார்க்கப்படுகிறவர் பரப்பல்ல என்பது நினைவில் வந்து உட்கார்ந்துகொள்ளத்தான் செய்கிறது.

காஸெலில் க்ளோஸோடு இருந்த ஃபிரான்ஸ் கெர்ட்ஷ் 1986இல் தூரிகையைக் கீழே வைத்தார். அடுத்த சில ஆண்டுகள் மரச்செதுக்கு மட்டும்தான். அவருடைய முறை கேட்க எளிது, செய்யப் பயங்கரம். ஓர் இளம்பெண்ணின் புகைப்படம். அதை இரண்டு மீட்டருக்கும் அதிக உயரமான பலகைக்குப் பெருக்க வேண்டும். பிறகு சிறிய உளியால் புள்ளி புள்ளியாகத் தோண்ட வேண்டும். தோண்டிய புள்ளியில் மை படாது, அது ஒளி. தோண்டாத இடம் மை. நடுவில் எதுவும் கிடையாது. மெஸ்ஸோடின்டில் பாதி சுரண்டினால் பாதி வெளிச்சம் கிடைக்கும். மரம் அந்தச் சலுகையைத் தராது. உண்டு, இல்லை என்ற இரண்டே பதில். கன்னத்தின் மென்மை, கீழ் உதட்டின் ஈரம், கண்ணுக்குக் கீழே தூக்கமின்மையின் சாயல், எல்லாவற்றையும் அந்த உண்டு இல்லைகளை நெருக்கியும் விலக்கியுமே கொண்டுவர வேண்டும். ஒரு வீச்சு தவறினால் மரம் திரும்பி வளராது.

'நட்டாஷா', 'டொமினிக்', 'டோரிஸ்' எல்லாம் இப்படி வந்த முகங்கள். ஹெய்சபுரோ இவானோ என்ற ஜப்பானியக் காகித வல்லுநர் கையால் செய்த பெருந்தாள்களில், இயந்திரம் இல்லாமல் கையால் தேய்த்தே அச்செடுத்தார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் வேறு நிறம். அதுவும் ஒரு தாளுக்கு ஒரே நிறம். அதே நட்டாஷா ஒரு தாளில் ஆழ்ந்த நீலம், ஒன்றில் பச்சை, ஒன்றில் செங்காவி. தோலின் நிறம் ஒன்றில்கூட இல்லை. புகைப்படத்துக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்துவிட்டு, நிறத்தில் மட்டும் அதை முழுக்கக் கைவிடுகிறார். மங்கலான வெளிச்சத்தில் நின்று பார்த்தால் முகம் தாளில் இருக்கிறதா, தாளுக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் இருக்கிறதா என்று தடுமாற வைக்கும் படங்கள் இவை. க்ளோஸின் அலகு கூச்சல் போடும்; கெர்ட்ஷின் அலகு பேசவே பேசாது. தொடங்கியது ஒரே இடத்தில் என்றாலும், அமைதியைக் கடைசிவரை இழக்காதவர் கெர்ட்ஷ்தான். அவர் பெயரில் சுவிட்சர்லாந்தின் பர்க்டார்ஃப் ஊரில் 2002இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. 2022இல் மறையும்வரை வேலை செய்தார். அச்சோவியத்தில் முகம் என்று பேசும்போது அமெரிக்கப் பெயர்களே முன்னால் வந்து நிற்பது இவருக்கு இழைக்கப்படும் அநியாயம்.

லண்டன் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட் இந்தக் கூட்டத்தில் சேராதவர். புகைப்படம் வேண்டாம், கட்டம் வேண்டாம். எதிரே ஆள் உட்கார வேண்டும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில். 1946இல் பாரிஸில் எச்சிங் பழகி, இரண்டு ஆண்டில் விட்டுவிட்டு, 1982இல் மறுபடி தொடங்கினார். மெழுகுப் பூச்சிட்ட செப்புத் தகட்டைக் கித்தான்போல ஈசலில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஊசியால் கீறினார். எச்சிங் செய்கிறவர்கள் பெரும்பாலும் மேஜை மேல் குனிந்து செய்யும் வேலை அது. லண்டனின் ஸ்டூடியோ பிரின்ட்ஸில் மார்க் பலக்ஜியான் அதை அமிலத்தில் இட்டு, அச்செடுத்துக் கொடுத்தார். கீறும்போது தகட்டில் படம் இடம் வலம் மாறியிருக்கும். அமிலம் எவ்வளவு கடிக்கும் என்பது பிரதி வரும்வரை தெரியாது. ஃப்ராய்டுக்கு அந்த ஆபத்துதான் பிடித்திருந்தது.

அவருடைய அச்சோவியங்களில் நிழல் பூசும் அக்வாடின்ட் கிடையாது. கோடு மட்டும். நெற்றிச் சதை தொங்குவதையும் கன்ன எலும்பு முட்டுவதையும் வளைந்தும் குறுக்கிட்டும் ஓடும் சின்னச் சின்னக் கீறல்களே சொல்லியாக வேண்டும். எண்ணெய் ஓவியத்தில் பின்னால் இருந்திருக்கக்கூடிய கட்டில், பலகைத் தரை, கந்தல் துணி இவற்றில் பலவும் இங்கே காணாமல் போகின்றன. வெள்ளைத் தாளில் ஒரு தலை அந்தரத்தில் கிடக்கிறது. சதையைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாக இருந்த ஒருவர், அச்சுக்கு வந்தவுடன் உலகத்தையே அழித்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார். யதார்த்தவாதி என்று பெயர் வாங்கிய ஃப்ராய்டின் படங்களிலேயே அதிக அரூபம் இந்தக் கறுப்பு வெள்ளைத் தலைகளைச் சுற்றியிருக்கும் வெற்றிடம்தான்.

முகத்துக்கு எந்த முறை என்ற தேர்வு வெறும் தொழில்நுட்பமில்லை என்பதை ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் முன்னமே காட்டியிருந்தார். 1919 ஜனவரியில் பெர்லினில் கொலை செய்யப்பட்ட இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்க்னெஹ்ட்டின் உடலைக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பிணவறையில் வரைந்தார். அந்த நினைவுப் படத்தை முதலில் எச்சிங்கில் முயன்றார், சரிவரவில்லை. கல்லச்சில் முயன்றார், அதுவும் இல்லை. 1920இல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகு மரத்துக்கு மாறினார். எச்சிங் தந்த நுணுக்கங்கள் எல்லாம் போய், குனிந்த தொழிலாளிகளின் கைகளும் முகங்களும் வெட்டுக்காயங்கள்போல நிற்கும் படம் அது. விவரம் குறையக் குறைய அந்த மனிதர்கள் நிஜமானார்கள்.

அண்மைக் காலத்தில் இந்தக் கணக்கையே கலைத்துப்போட்டவர்கள் பெண்களும் கறுப்பினத்தவர்களும். தற்செயல் என்று சொல்ல முடியாது. தங்கள் முகத்தைப் பிறர் எப்படிப் பதிவுசெய்தார்கள் என்ற வழக்கு அவர்களிடம் இருந்தது.

கிக்கி ஸ்மித் 1995இல் செய்த 'என் நீல ஏரி'யில் ஒரு விசித்திரக் கேமரா வேலை செய்திருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த அந்தக் கேமரா, பானை போன்ற உருண்டைப் பொருள்களைச் சுழலும் மேடையில் வைத்து, சுற்றுப்பரப்பு முழுவதையும் ஒரே நீளப் படமாகப் பிடிப்பது. ஸ்மித் அந்த மேடையில் தானே ஏறிச் சுழன்றார். விளைவு, தலையின் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில். மூக்கு, காது, காதுக்குப் பின்னால் கழுத்து, மறுபக்கக் காது, தோள், எல்லாம் உரித்து விரித்த தோலாகப் பரவிக் கிடக்கின்றன. முடி கரையோரப் புதர்போல ஓடுகிறது. அதை போட்டோகிராவ்யூர் முறையில் தகட்டில் ஏற்றி, நீலமும் சிவப்பும் பூசி அச்செடுத்தார்கள். கேமரா பொய்யே சொல்லவில்லை. வழக்கமான உருவப்படம் மறைக்கும் பின்தலையைக்கூட விடவில்லை. ஒரு முகத்தைப் பற்றி இவ்வளவு முழுமையான சாட்சியம் அரிது. ஆனால் யாரும் அதைப் பார்த்துத் தெருவில் கிக்கி ஸ்மித்தை அடையாளம் கண்டுகொள்ள முடியாது. முழு உண்மையைச் சொன்னால் முகம் நிலப்படமாகிவிடுகிறது. பாதியை மறைத்தால்தான் அது முகம்.

கிளென் லைகன் முகத்தையே எடுத்துவிட்டார். 1993இல் அவர் வெளியிட்ட 'ஓடிப்போனவர்கள்' பத்துக் கல்லச்சுத் தாள்கள் கொண்ட தொகுப்பு. லைகன் நண்பர்களிடம், தான் காணாமல் போய்விட்டதாகவும் போலீஸிடம் அடையாளம் சொல்ல வேண்டியிருப்பதாகவும் நினைத்துக்கொண்டு தன்னை வர்ணிக்கச் சொன்னார். அவர்கள் சொன்னதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரச்சொல்லி எஜமானர்கள் கொடுத்த விளம்பரத்தின் வடிவத்தில், அதே பாணி எழுத்துருக்களில் அச்சிட்டார். உயரம், தலைமுடி, கண்ணாடி, உடை, நடை. ஒருவருக்கு முதலில் நினைவுக்கு வருவது இன்னொருவரின் வர்ணனையில் இல்லவே இல்லை. அன்பாகச் சொன்ன விவரமும் அந்தச் சட்டத்துக்குள் வந்ததும் துப்பு ஆகிவிடுகிறது.

பழைய விளம்பரங்களில் எழுத்தின் பக்கத்தில் சிறிய படம் ஒன்றும் இருக்கும். தோளில் மூட்டையோடு ஓடும் உருவம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செதுக்கியதில்லை. அச்சாளர் எழுத்துப் பெட்டியில் தயாராக வைத்திருந்த கட்டை. யார் ஓடினாலும் அதே கட்டைதான் ஏறும். விவரத்தில் நெற்றித் தழும்பு, உடைந்த பல், நடையில் ஒரு சாய்வு என்று ஈவிரக்கமில்லாத துல்லியம். படத்திலோ யாருமே இல்லை. ஆளைப் பிடிக்கத் தேவையான யதார்த்தம் எழுத்துக்கும், ஆளை ஆளாகப் பார்க்காமலிருக்கத் தேவையான அரூபம் படத்துக்கும் பங்கு பிரிக்கப்பட்டிருந்தன. லைகன் தன் தாள்களிலும் அந்தக் காலத்துப் படங்களையே எடுத்துப் போட்டார். தன் முகத்தை வரைந்தோ புகைப்படமாக ஒட்டியோ அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். பத்துத் தாளில் ஒன்றில்கூட அவர் அதைச் செய்யவில்லை.